ரசப்பொடிக்கு 635 வேண்டுமா?

கேள்வி: நாங்கள் நான்கு பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒன்றரை வருடமாகத் தக்காளி ரசப்பொடியும் காளான் சூப் பொடியும் செய்து விற்கிறோம். ரசப்பொடி நன்றாகப் போகிறது. சூப்பைக் குடித்தவர்கள், "நல்லாத்தான் இருக்கு, ஆனா கடை சூப் மாதிரி நாக்குல நிக்கல" என்கிறார்கள். எங்களுக்கு மசாலாச் சரக்கு கொடுப்பவர் கால் கிலோ வெள்ளைப் பொடி ஒன்றைக் கொடுத்து, "இது ஐ ப்ளஸ் ஜி, நம்பர் 635. அஜினோமோட்டோ இல்ல. 'நோ எம்.எஸ்.ஜி.'ன்னே அட்டையில போட்டுக்கலாம், ரெண்டு பொடிலயும் சேருங்க" என்றார். வாட்ஸ்அப்பிலோ 631, 635 எல்லாம் பன்றிக் கொழுப்பு என்று வருகிறது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் சைவம். குழுவில் ஓர் அக்காவின் வீட்டுக்காரருக்கு யூரிக் ஆசிட் தொல்லை. இதைத் தொடவே கூடாது என்கிறார் அவர். போடலாமா? எவ்வளவு? பச்சைப் புள்ளி போடலாமா?
— வாசகி, விருதுநகர் மாவட்டம்

பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னால் எழுதிக் கேட்டீர்களே, நல்லதாகப் போயிற்று. அந்தக் கால் கிலோ நூற்றைம்பது கிலோவுக்கு மேல் சூப் பொடிக்கு வரும். உப்பு மாதிரி கைக்கணக்கில் அள்ளிப் போட்டிருந்தால் ஒரு சுற்றுச் சரக்கே வீணாகியிருக்கும்.

ஐ என்றால் இனோசினேட், ஜி என்றால் குவானிலேட். இரண்டும் சோடியம் உப்புகள். இனோசினேட் தனியாக வந்தால் அட்டையில் 631 என்றும், குவானிலேட் தனியாக வந்தால் 627 என்றும் இருக்கும். இரண்டையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்து விற்பதுதான் 635. உருளைக்கிழங்கு சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, சூப் பொட்டலம் எதை எடுத்துப் பின்பக்கம் படித்தாலும் பெரும்பாலும் இந்த எண்களில் ஒன்றாவது கண்ணில் படும்.

உங்கள் சரக்குக்காரர் சொன்னதில் பாதி உண்மை. இது அஜினோமோட்டோ இல்லை. நாம் அஜினோமோட்டோ என்று சொல்வது எம்.எஸ்.ஜி., அதாவது குளுட்டமிக் அமிலத்தின் சோடியம் உப்பு; சுருக்கமாகக் குளுட்டமேட். ஆனால் 635 தன்னந்தனியாகப் பெரிதாக எதையும் செய்யாது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். குளுட்டமேட் இருக்கிற இடத்தில்தான் இது வேலை செய்யும். நாதஸ்வரத்துக்குத் தவில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். (தவில்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள், தனியாவர்த்தனம் எனக்கும் பிடிக்கும்.)

இதைக் கண்டுபிடித்த கதையே அப்படித்தான். 1908இல் டோக்கியோவில் கிகுனே இகெதா என்ற வேதியியல் பேராசிரியர், கொம்பு என்ற கடல்பாசியைக் கொதிக்கவைத்த நீரின் ருசி எதனால் வருகிறது என்று தேடி, குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனில் இனோசினேட்டைக் கண்டார். 1957இல் யமசா என்ற சோயா சாஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா குனினாகா மூன்றாவதாகக் குவானிலேட்டும் உமாமி தருவதைக் கண்டுபிடித்தார். காய்ந்த ஷிடாக்கே காளானில் அது நிறைய உண்டு. அவர் செய்த பெரிய காரியம் இன்னொன்று. குளுட்டமேட்டோடு இந்த இரண்டில் ஒன்று சேர்ந்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது என்று காட்டினார். குளுட்டமேட்டும் இனோசினேட்டும் சம அளவில் சேர்ந்தால் ஏழெட்டு மடங்கு வரை போகும். ஜப்பானியப் பாட்டிமார் கடல்பாசியையும் காய்ந்த மீனையும் ஒரே பாத்திரத்தில் போட்டதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

கட்சுவோபுஷி ஆவது சூரை மீன். நம் கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளிலும் இலங்கையிலும் சம்பலில் இடித்துப் போடுகிற மாசியும் மாலத்தீவிலிருந்து வந்து பழகிய அதே சூரைதான். மீன் செத்த பிறகு அதன் தசையில் இருக்கும் ஏ.டி.பி. என்ற பொருள் படிப்படியாக உடைந்து இனோசினேட் ஆகிறது. வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்தால் அது அப்படியே தங்கிவிடும். மாசிச் சம்பலில் தக்காளி விழுந்தால் ருசி ஏன் அப்படித் தூக்கிக் கொடுக்கிறது என்றால், ஐயும் குளுட்டமேட்டும் அங்கே சந்தித்துவிட்டன.

சரி, பன்றிக் கொழுப்புக்கு வருவோம்.

இனோசினேட் கொழுப்பே இல்லை. ஒரு நைட்ரஜன் மூலம், ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட் சேர்ந்த நியூக்ளியோடைடு அது. தண்ணீரில் கரையும். எந்தக் கொழுப்பும் அப்படிக் கரையாது. உங்கள் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தெளிவாகக் கரைந்து போகும், மேலே ஒரு சொட்டு எண்ணெய் மிதக்காது. வாட்ஸ்அப் செய்திக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் வதந்திக்கு ஒரு வேர் உண்டு. 1847இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் இந்த அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தது மாட்டிறைச்சிச் சாற்றிலிருந்து. பெயருக்கே தசைநார் என்று பொருள் வரும் கிரேக்கச் சொல்தான் அடி. குவானிலேட்டின் பெயர் இன்னும் வேடிக்கை. குவானோ என்கிற கடற்பறவை எச்ச உரத்திலிருந்துதான் குவானின் முதலில் எடுக்கப்பட்டது. பார்வர்டு செய்கிறவர்கள் நல்லவேளை இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இன்று ஆலைகளில் செய்யும் முறை வேறு. கரும்புச் சர்க்கரைப்பாகு, மக்காச்சோளம் அல்லது மரவள்ளி மாவுச் சர்க்கரையில் பாக்டீரியாவை வளர்த்து நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். அல்லது ஈஸ்ட்டின் ஆர்.என்.ஏ.வை ஒரு பூஞ்சையின் நொதியால் வெட்டி எடுக்கிறார்கள். மீனிலிருந்தும் எடுக்க முடியும், ஒரு காலத்தில் எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் நொதித்தல் முறை மலிவாக இருக்கும்போது மீனைக் காய்ச்ச இன்று பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. அதனால் உங்கள் பொட்டலம் சைவமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வாய்ப்பு அதிகம் என்பதை வைத்துக்கொண்டு பச்சைப் புள்ளி போடக் கூடாது என்பதுதான் என் கட்சி. சரக்குக்காரரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, அந்த லாட்டுக்கான சி.ஓ.ஏ. எனும் பரிசோதனைச் சான்று. இன்னொன்று, மூலப்பொருள் என்ன, விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்று தயாரித்த நிறுவனமே தன் தாளில் எழுதிக் கொடுத்த கடிதம். கடைக்காரர் தன் பில் புத்தகத்தில் எழுதித் தருவது செல்லாது. நொதிக்கவைக்கும் ஊடகத்தையும் சேர்த்துக் கேளுங்கள் என்பேன். 2001 ஜனவரியில் இந்தோனேசியாவில் ஒரு பெரிய எம்.எஸ்.ஜி. நிறுவனத்தின் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டி வந்தது. எம்.எஸ்.ஜி.யில் பன்றி எதுவும் இல்லை. பாக்டீரியாவைப் பாதுகாத்து வளர்க்கும் ஊடகத்துக்கான ஒரு சோயாப் பொருளைத் தயாரிக்க, பன்றியிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது போதும் என்று அங்கே உலமா சபை விலக்கிவிட்டது. சைவ வாடிக்கையாளரும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

நம் சட்டத்தில் பால், பால்பொருள், தேன் போன்ற சில தவிர்த்து விலங்கிலிருந்து வந்த சேர்க்கைப் பொருள் சிறிதளவு இருந்தாலும் அது அசைவம்தான். பழுப்பு முக்கோணம் போட வேண்டும். அந்தக் காகிதங்களைத் தர அவர் தயங்கினால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கால் கிலோ லூஸ் பொட்டலமாக, லாட் எண் இல்லாமல் வந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அதுவே உறுத்துகிறது. ஆலை மூட்டையிலிருந்து அள்ளிப் பிரித்த சரக்குக்குச் சான்று ஒட்டாது.

இனி ருசி. உங்கள் சூப் ஏன் நாக்கில் நிற்கவில்லை? 635 இல்லாததால் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். 1 கிராம் 635ஐ 100 மில்லி தண்ணீரில் கரைத்து வையுங்கள். அந்தக் கரைசல் 2 மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கும். ஒரு கோப்பை சூப்புக்கு அவ்வளவு போதும். நாலு கோப்பையில் 200 மில்லி வீதம் வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் இரண்டிலும் உப்பு மட்டும் அளவாக. அடுத்த இரண்டில் அதே உப்போடு நன்கு பழுத்த தக்காளியை வேகவைத்து வடிகட்டிய சாறு இரண்டு கரண்டி. இப்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் 2 மில்லி கரைசலை விடுங்கள்.

உப்புத் தண்ணீரில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. தக்காளித் தண்ணீரில் தெரியும். முதல் வாயில் இல்லை, விழுங்கிய பிறகு. நாக்கின் பின்பக்கம் ஒரு பூச்சு போல நிற்கும், எச்சில் ஊறும். உங்கள் வாடிக்கையாளர் 'நிக்கல' என்று சொன்னது இதைத்தான்.

பழுத்த தக்காளி 100 கிராமில் 150 முதல் 250 மில்லிகிராம் வரை குளுட்டமேட் இயல்பாகவே இருக்கிறது. தண்ணீர் 94 சதவீதம் போனால் மீதிப் பொடியில் எவ்வளவு செறிவாக இருக்கும் என்று பாருங்கள். ஆகவே முதல் வேலையாகச் சூப் பொடியில் தக்காளிப் பொடியைக் கூட்டிப் பாருங்கள். பச்சை வெட்டாக இருக்கும்போது பறித்துப் பெட்டியில் பழுத்த தக்காளி வேண்டாம். செடியிலேயே சிவந்ததாக வாங்குங்கள், பழுக்கப் பழுக்கத்தான் குளுட்டமேட் ஏறும். காளானையும் கவனியுங்கள். நீங்கள் போடுவது சிப்பிக்காளானோ மொட்டுக்காளானோ என்றால் அதில் குவானிலேட் ஷிடாக்கே அளவுக்குக் கிடைக்காது. ஷிடாக்கேயைக்கூடப் பச்சையாகப் போட்டால் பிரயோஜனமில்லை, காயவைத்ததில்தான் சத்தான ருசி. விலை கட்டுப்படியானால் பத்தில் ஒரு பங்கு ஷிடாக்கே பொடி கலந்து பாருங்கள். இந்த இரண்டிலேயே உங்கள் குறை பாதிக்கு மேல் தீர்ந்துவிடலாம்.

தீரவில்லையா, அப்போது 635 போடுங்கள். தப்பில்லை. சூப் பொடிக்குத் தொழிலில் வழக்கமான அளவு ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். 1 கிராமில் ஆரம்பியுங்கள். விலை பார்த்து மலைக்காதீர்கள். கிலோக் கணக்கில் எம்.எஸ்.ஜி.யைவிடப் பல மடங்கு விலை, ஆனால் போடுவது இத்துணூண்டு.

அந்த இத்துணூண்டைப் பரவலாகக் கலப்பதுதான் பாடு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சூப் பொடி ஆலையில் இதை நேரே பெரிய மிக்ஸரில் கொட்டிவிட்டோம். பத்து பொட்டலத்தைப் பிரித்துச் சுவைத்தால் இரண்டில் ருசி தூக்கலாக வாயெல்லாம் கொழகொழ என்று, எட்டில் ஒன்றுமே இல்லை. மேற்பார்வையாளர் என்னையும் பார்த்தார், மிக்ஸரையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து நாங்கள் செய்த முறை இது: 10 கிராம் 635ஐ 10 கிராம் நைஸ் உப்போடு கலப்போம். அந்த 20ஐ இன்னொரு 20 கிராம் உப்போடு. அந்த 40ஐ 40ஓடு. இப்படி இரட்டித்து இரட்டித்து அரைக் கிலோ வந்ததும்தான் மீதிப் பொடியில் சேர்ப்போம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த உப்பைச் செய்முறையின் மொத்த உப்பில் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். காய்கறிக் கடைத் தராசு இதற்கு ஆகாது. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

இன்னொரு அனுபவம். அப்புறம் வேறோர் இடத்தில் இஞ்சி பூண்டு விழுதில் 635 சேர்த்தோம். அரைத்த அன்று பிரமாதம். மூன்று வாரம் கழித்து போட்ட பணம் போன இடம் தெரியவில்லை. பச்சைக் காய்கறி, பச்சை மாவு, பச்சை இறைச்சி எல்லாவற்றிலும் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது இந்தப் பொருளிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். கழன்றதும் ருசி போய்விடும். சூடு காட்டினால் அந்த நொதி செத்துவிடும். உங்களுடையது காய்ந்த பொடி என்பதால் பொட்டலத்துக்குள் பயமில்லை, ஈரம் ஏறாமல் இருந்தால் சரி. ஆனால் வெயிலிலோ குறைந்த சூட்டிலோ உலர்த்திய காளானில் நொதி உயிரோடு இருக்கலாம். அதனால் அட்டையில் 'வெந்நீரில் கலக்கவும்' என்று போடாமல் 'கொதிக்கும் நீரில் போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடவும்' என்று போடுங்கள்.

ரசப்பொடியில் இதைத் தொடாதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். 635 ருசியை உருட்டி மழுக்கும்; காரத்தின் முனை, புளியின் வெட்டு எல்லாம் கொஞ்சம் அடங்கிப்போகும். சூப்புக்கு அது அழகு. ரசம் அடங்கிப்போனால் அது என்ன ரசம்? மிளகும் சீரகமும் மூக்கில் ஏற வேண்டும். நன்றாகப் போகிற சரக்கில் கை வைப்பானேன்.

அட்டை விஷயம். 635 போட்டால் பொருட்கள் பட்டியலில் 'சுவை கூட்டி (ஐ.என்.எஸ். 635)' என்று வர வேண்டும். முன்பக்கம் 'நோ எம்.எஸ்.ஜி.' என்று போடுவது எழுத்துப்படி பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கிற வாடிக்கையாளர் என்ன புரிந்துகொள்வார்? செயற்கையாக எதுவும் சேர்க்கவில்லை என்றுதானே? அந்த எண்ணத்தை நீங்களாகவே ஊட்டிவிட்டுப் பின்பக்கம் சின்ன எழுத்தில் 635 போட்டால், ஒரு நாள் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தக்காளியிலும் காளானிலும் இருக்கும் இயற்கைக் குளுட்டமேட்டும் சேர்த்த எம்.எஸ்.ஜி.யும் ஆய்வகச் சோதனையில் ஒன்றுபோலத்தான் தெரியும். 2015இல் நூடுல்ஸ் விவகாரம் வெடித்ததே, அதில் 'சேர்க்கப்பட்ட எம்.எஸ்.ஜி. இல்லை' என்று அட்டையில் போட்டிருந்ததும் ஒரு குற்றச்சாட்டு. பெரிய நிறுவனம் வழக்காடி மீண்டுவிடும், உங்களுக்கு அந்தச் செலவு எதற்கு? அந்த வாசகத்தையே விட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் 635க்குப் பதில் 'ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்' போட்டு எண்ணே இல்லாமல் அட்டையைச் சுத்தமாகக் காட்டுகின்றன. உள்ளே இருப்பது அதே குளுட்டமேட்டும் அதே நியூக்ளியோடைடுகளும்தான்.

எந்தச் சேர்க்கை எந்த வகை உணவில் என்பதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வகைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சூப் கலவை ஒரு வகை, மசாலாப் பொடி வேறு வகை. உங்கள் உரிமத்தில் சூப் பொடி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அட்டையை அச்சுக்குக் கொடுங்கள். அடித்த அட்டையைக் கிழித்துப் போடுவதைவிட அரை நாள் அலைச்சல் மேல்.

கடைசியாக அக்காவின் வீட்டுக்காரர். அவர் பயம் ஆதாரமில்லாதது இல்லை. இனோசினேட்டும் குவானிலேட்டும் உடலில் உடைந்து பியூரினாகி, யூரிக் அமிலமாகத்தான் முடியும். ஆனால் அளவைப் பாருங்கள். கிலோவுக்கு 1.5 கிராம் என்று வைத்தால், நாலு கோப்பை வரும் 50 கிராம் பொட்டலத்தில் 75 மில்லிகிராம். கோப்பைக்கு 19 மில்லிகிராம். அதிலும் பியூரின் பகுதி மூன்றில் ஒரு பங்குதான், ஆறு மில்லிகிராம் சொச்சம். 100 கிராம் மத்தி மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கோழி ஈரலில் 300ஐத் தாண்டும். மூட்டுவீக்கம் உச்சத்தில் இருக்கும்போது மருத்துவர் எதையெல்லாம் விலக்கச் சொல்கிறாரோ அதை விலக்கட்டும், அதில் நான் தலையிடவில்லை. மற்ற நாளில் உங்கள் சூப் ஒரு கோப்பை குடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டில் என்ன விழுகிறது, சாயங்காலம் பீர் உண்டா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.